ஜிஞ்சர் என்னும் சொல்லின் பூர்வ சரித்திரம்

ஆங்கிலத்தில் வழங்கும் தமிழ்ச் சொற்கள் என்று நம்மவர் எடுத்துக்காட்டுவனவற்றுள் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் போன்றவற்றின் வரலாறு தெளிவானது. ஐரோப்பிய வியாபாரிகள் நம் கடற்கரைகளில் வந்து தங்கிய பின்னர், கண்ட பொருளின் பெயரைக் கேட்டவண்ணமே தங்கள் நாவுக்கு இணங்க எழுதிக்கொண்டார்கள் என்பதற்குமேல் அவற்றைக் குறித்து ஆராய வேண்டுவது அதிகமில்லை. 'ஜிஞ்சர்' என்ற சொல்லின் நிலைமை வேறு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த 1498ஆம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் முன்னதாகவே, இந்தியாவை எந்த ஆங்கிலேய வியாபாரியும் எட்டிப் பாராத காலத்திலேயே, அச்சொல் ஆங்கில நாட்டு வைத்திய ஏடுகளில் இடம்பெற்றுவிட்டது. அது வந்த வழி நீண்டது; வழியில் அதைக் கைமாற்றிய பாஷைகள் பல; ஒவ்வொரு கைமாற்றத்திலும் அது தன் உருவத்தைச் சிறிது இழந்தும் சிறிது கூட்டியும் வந்திருக்கிறது. 'ஜிஞ்சர் என்பது இஞ்சிதானே' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவோரும், 'சமஸ்கிருதத்தில் சிருங்கவேரம் என்றிருப்பதால் மேலே ஆராய்வதற்கு ஒன்றுமில்லை' என்று முடித்துவிடுவோரும் இருவகையாரே ஆயினும், அந்த நீண்ட வழியை நடந்து பாராமை இருவர்க்கும் பொது.

வழியைப் பின்னோக்கி நடப்பதே முறை. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பழைய ஆங்கில மருத்துவ ஏடுகளில், ஏறக்குறைய 'ஜிஞ்சிவெர்' என்று ஒலிக்கத்தக்க வடிவில் இம்மருந்துச் சரக்கின் பெயர் காணப்படுகிறது. துறவிகளின் மடங்களில் லத்தீன் நூல்களைப் பார்த்து எழுதிய கைகளே அதை ஆங்கிலத்திற்குள் கொணர்ந்தன. 1066இல் நார்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றியபின், அரண்மனைச் சமையலறைகளிலும் சந்தைகளிலும் பிரெஞ்சுச் சொற்கள் பெருகியபோது, அதே சொல்லின் பிரெஞ்சு வடிவமாகிய 'ஜிஞ்சிவ்ர்' என்பதும் வந்து கலந்தது. இவ்விரண்டும் சேர்ந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ஜிஞ்சிவெரெ' என நின்று, இடையிலிருந்த வகரம் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைய, இன்றைய 'ஜிஞ்சர்' மிஞ்சிற்று. அந்த வகரத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இன்று ஆங்கிலத்தில் அதன் சுவடே இல்லை. ஆனால் இச்சொல்லின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

ஆங்கிலத்தை விட்டு நீங்குமுன் அங்கே நிகழ்ந்த ஒரு மாறுதலைக் கவனித்துச் செல்வது பின்னால் பயன்படும். பழைய பிரெஞ்சில் பாகில் இட்டுப் பதப்படுத்திய இஞ்சிக்கு 'ஜிஞ்சம்பிராஸ்' என்று பெயர். இதன் இறுதிப் பகுதி ஆங்கிலேயர் காதுக்கு அர்த்தமற்ற ஒலியாகப் பட்டது. அர்த்தமற்றதை அப்படியே வைத்துக்கொள்ள எந்த மொழி பேசுவோரும் விரும்புவதில்லை ஆதலின், தமக்குப் பழக்கமான 'பிரெட்', அதாவது ரொட்டி என்னும் சொல்லாக அதை அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். பெயர் 'ஜிஞ்சர்பிரெட்' என்று ஆனபின் பொருளும் பெயரின் பின்னே சென்றது. பதினைந்தாம் நூற்றாண்டுக்குள் அது இஞ்சி சேர்த்துச் சுட்ட பண்டத்தின் பெயராகிவிட்டது. ரொட்டியிலிருந்து பெயர் பிறக்கவில்லை. பெயரைத் தவறாகக் கேட்டதிலிருந்து ரொட்டி பிறந்தது. வந்தேறிய சொல்லுக்கு வீட்டுச் சொற்களைக் கொண்டு புது வியாக்கியானம் கற்பிக்கும் இவ்வியல்பை 'நாட்டார் வழக்குச் சொற்பிறப்பு' என்பர் மொழிநூலார். நாட்டார் மட்டுமல்லர், மகா பண்டிதர்களும் இதைச் செய்வதுண்டு என்பதற்கு இந்தச் சொல்லே பின்னர்ச் சான்று தரும்.

இங்கே எச்சரிக்கைக்காக இன்னும் இரண்டு சொற்களைக் குறிப்பிடுகிறேன். 'மெதுவாக, ஜாக்கிரதையாக' என்னும் பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் 'ஜிஞ்சர்லி' என்ற சொல்லுக்கும் இஞ்சிக்கும் உறவில்லை. அது மென்மையைக் குறித்த ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது என்பதே அறிஞர் கருத்து. நம் நாட்டு ஆங்கிலத்தில் நல்லெண்ணெயைக் குறிக்கும் 'ஜிஞ்செல்லி' என்பதும் அவ்வாறே. எள்ளைக் குறிக்கும் அரபுச் சொல் போர்ச்சுகீசியர் வாயிலாக வந்தது அது. மூன்று சொற்களும் ஒரே ஒலியோடு தொடங்குகின்றன. மூன்றும் மூன்று குலத்தைச் சேர்ந்தவை.

இனி லத்தீனுக்கும் கிரேக்கத்திற்கும் செல்லலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் தியஸ்கோரிதஸ் என்னும் கிரேக்க வைத்தியர் எழுதிய மருந்துப்பொருள் நூலில் 'ஜிங்கிபெரிஸ்' என்று இதன் பெயர் காணப்படுகிறது. வேர்கள் சிறியவை, வெண்மையானவை, மிளகின் சுவையும் நறுமணமும் உடையவை என்று அவர் வர்ணிப்பதோடு, ஜாடிகளில் ஊறுகாயாக இட்டு இத்தாலிக்கு அனுப்பப்படுவதையும் குறிப்பிடுகிறார். ஏறத்தாழ அதே காலத்தவராகிய பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலின் பன்னிரண்டாம் பகுதியில், இது மிளகுக் கொடியின் வேர் என்று சிலர் எண்ணியது பிழை என்று திருத்தி, எளிதில் கெட்டுப்போகும் பொருள் என்று கூறி, ஒரு ராத்தல் ஆறு தினாரியஸ் விலை என்று விலையையும் எழுதிவைத்திருக்கிறார். அக்காலத்துக் கருமிளகின் விலை ராத்தலுக்கு நான்கு, வெண்மிளகு ஏழு. ஆகவே இஞ்சி கருமிளகினும் விலையுயர்ந்த சரக்காகவே ரோமாபுரியில் விற்றது. மார்க்கஸ் ஆரேலியஸும் அவர் மகன் கொம்மோதஸும் சேர்ந்து ஆண்ட காலத்தில் சுங்கம் விதிக்கப்பட்ட கீழ்நாட்டுச் சரக்குகளின் அட்டவணையிலும் இது இடம்பெற்றிருக்கிறது.

தியஸ்கோரிதஸ், பிளினி இருவரும் இஞ்சி விளையும் தேசமாகக் கூறியது இந்தியாவை அன்று. அரேபியாவையும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையில் உள்ள நாட்டையும் கூறினார்கள். பொருளைக் கொண்டுவந்து விற்ற இடைத்தரகர் நாட்டையே விளைந்த நாடாக அவர்கள் எண்ணிவிட்டனர். தரகர்களுக்கும் அந்த எண்ணத்தைப் போக்கவேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. இந்தப் பிழை நமக்கு ஒரு நன்மை செய்திருக்கிறது. கிரேக்கர் காதில் இச்சொல்லை முதலில் போட்டவர் இந்தியரல்லர், நடுவழியில் நின்ற மேற்காசிய வியாபாரிகளே என்ற ஊகத்திற்கு இது வலுவான ஆதாரமாகிறது. கிரேக்க வடிவத்தின் முதலெழுத்தாகிய 'ஜீட்டா'வும் அதையே சொல்கிறது. பாலி, சமஸ்கிருத வடிவங்கள் அதிர்வற்ற சகரத்தில் தொடங்க, அதிர்வுள்ள ஒலி கிரேக்கத்தில் எங்கிருந்து வந்தது? அரமேய பாஷையிலும் அரபியிலும் இச்சொல் அந்த அதிர்வுள்ள ஒலியோடுதான் வழங்குகிறது. பாபிலோனிய யூதர்களின் தல்மூதில் 'ஜங்க்வீலா' என்றும், குர்ஆனின் எழுபத்தாறாம் அத்தியாயத்தில் சுவர்க்கத்துப் பானத்தில் கலந்திருப்பதாகச் சொல்லப்படும் பொருளின் பெயராக 'ஜன்ஜபீல்' என்றும் இதைக் காண்கிறோம்.

கிரேக்க வடிவத்திலிருந்து லத்தீன் சொல் பிறந்து, பிற்கால லத்தீனில் முதலெழுத்து ஜகர ஒலியாக மாறி, பிரெஞ்சுக்குச் சென்றபோது உயிர்களுக்கு நடுவே நின்ற பகரம் அம்மொழியின் இயல்புப்படி வகரமாயிற்று. இந்தியாவிலிருந்து புறப்பட்டபோதும் அது வகரமே. கிரேக்கர் தங்கள் எழுத்துக்கள் இடம் கொடுத்தவரை அதைப் 'பீட்டா'வால் எழுதினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், ஆதி ஒலி எதுவென்று அறியாமலே, பிரெஞ்சுக்காரர் அதைப் பழைய வகரமாக்கிவிட்டார்கள்.

மத்திய காலத்தில் அரபு வியாபாரிகள் வழியாகவும், பின் வெனிஸ், ஜெனோவா நகரத்தார் வழியாகவும் சரக்கு தொடர்ந்து சென்றது. 1340ஆம் ஆண்டையொட்டி வியாபாரக் கையேடு ஒன்றை எழுதிய பிளாரன்ஸ் நகரத்துப் பெகலோட்டி, இஞ்சியை மூன்று தரமாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றைக் 'கொலொம்பீனோ' என்று குறிக்கிறார். கொல்லம் துறைமுகத்தின் பெயரே அது. சரக்கின் ஊர்ப்பெயர் அதற்குள் இத்தாலியச் சந்தைவரை தெரிந்திருந்தது. சரக்கின் சொந்தப் பெயரோ வேறொரு வழியாக, மிகப் பழங்காலத்திலேயே வந்து நிலைத்துப்போயிருந்தது. இந்த வேறுபாடே இச்சரித்திரத்தின் முக்கியமான முடிச்சு. அதை அவிழ்க்க வேண்டுமாயின் இந்திய மொழிகளுக்குள் புகவேண்டும்.

பாலி மொழியிலுள்ள பௌத்த விநய நூலில், நோயுற்ற பிக்குகள் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட மருந்து வேர்களின் வரிசையில் மஞ்சளுக்கு அடுத்தபடியாகச் 'சிங்கிவேர' என்ற பெயர் வருகிறது. சமஸ்கிருத வைத்திய நூல்களில் அதுவே 'சிருங்கவேர' என்று காணப்படுகிறது. சிருங்கம் என்றால் கொம்பு. வேரம் என்பதற்கு உடல் என்று நிகண்டுகள் பொருள் கூறும். ஆகவே கொம்பு போன்ற உடலை உடையது என்று பண்டிதர் விரித்துரைப்பர். கிளைத்துக் கிளைத்துச் செல்லும் இஞ்சிக் கிழங்கின் உருவம் மான்கொம்பை நினைவூட்டுவது உண்மையாதலின் இவ்வியாக்கியானம் மனத்தைக் கவர்வதாகவே இருக்கிறது. இராமாயணத்தில் கங்கைக் கரையில் குகன் ஆண்ட நகரின் பெயரும் சிருங்கவேரபுரம் என்பதை நாம் அறிவோம். நம் நாட்டில் இராமகதை கேட்ட எவருக்கும் அது அந்நியமான ஒலி அன்று.

அழகான வியாக்கியானம் உண்மையான வியாக்கியானமாக இருக்கவேண்டும் என்ற நியதியில்லை. சமஸ்கிருத வடிவமே மூலமாகி, பாலி அதிலிருந்து திரிந்திருந்தால், கொம்பைக் குறிக்கும் 'சிருங்க' என்பது பாலியில் 'சிங்க' என்றாவது முறை. அவ்வாறாயின் 'சிங்கவேர' என்ற வடிவத்தையே அங்கே நாம் எதிர்பார்க்க வேண்டும். ஆனால் பாலியில் இருப்பது 'சிங்கிவேர'. இரண்டாம் அசையில் இகரம். கடல் கடந்து சென்ற கிரேக்க வடிவத்திலும் 'ஜிங்கிபெரிஸ்' என்று அதே இடத்தில் அதே இகரம். தொலைவில் நிற்கும் இரண்டு சாட்சிகள், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். நூல் வழக்கில் செம்மைப்படுத்தப்பட்ட சமஸ்கிருதம் ஒன்றே மாறி நிற்கிறது. எனவே பேச்சு வழக்கில் 'சிங்கிவேர' என்றிருந்த அந்நியச் சொல்லைக் கேட்ட வடமொழிப் பண்டிதர், அதைத் தம் மொழிச் சொல்லாகக் காட்ட விரும்பி, 'சிங்கி'யைச் 'சிருங்க' ஆக்கிக் கொம்பையும் உடலையும் அதனுள் கற்பித்தனர் என்று முடிவுசெய்வதே பொருந்தும். ஆங்கிலேயக் குடியானவன் இஞ்சிப் பண்டத்தில் ரொட்டியைக் கண்டதும், காசிப் பண்டிதர் இஞ்சிப் பெயரில் கொம்பைக் கண்டதும் ஒரே மனத்தொழிலின் இருவேறு தோற்றங்களே.

இம்முடிவு இன்று நேற்று தோன்றியதன்று. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அவ்வூர் அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவராகிய பர்னல் என்னும் அறிஞர், ஹென்ரி யூல் என்பவரோடு சேர்ந்து, ஆங்கிலத்தில் வழங்கும் இந்தியச் சொற்களின் அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1882இல் பர்னல் இறந்துவிட, யூல் அதை முடித்து 1886இல் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற பெயரால் வெளியிட்டார். அந்நூலிலேயே, கொம்பு என்னும் சொற்பிறப்புக் கற்பனை என்றும், மலையாள மொழியில் வழங்கும் 'இஞ்சிவேர்' என்பதே மூலமாகலாம் என்றும், 'இஞ்சி' என்பது முற்காலத்தில் சகரத்தை முதலாக உடையதாய் இருந்திருக்கும் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. வடமொழியில் ஆழ்ந்த புலமையும் தென்மொழிகளில் பழக்கமும் ஒருங்கே பெற்றிருந்த பர்னலின் கை இக்குறிப்பில் இருப்பதாக நான் எண்ணுகிறேன். சான்று போதாத காலத்தில் அவ்வளவு சரியாக ஊகிக்க இருமொழிப் பயிற்சி இல்லாமல் இயலாது.

ஊகமாக இருந்த அச்சகரம் பின்னர் நிரூபணம் பெற்றது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியராக விளங்கிய தாமஸ் பர்ரோ, தென் திராவிட மொழிகளில் சொல்லின் முதலிலுள்ள சகரம் கெடுவதைப் பற்றி 1947இல் ஒரு கட்டுரை எழுதினார். நம் மொழியிலேயே இதன் சுவடுகள் உள்ளன. சிறகு, இறகு என இரண்டும் வழங்குகிறோம். சிப்பிக்கு இப்பி என்ற வடிவமும், சமணருக்கு அமணர் என்ற வடிவமும் பழைய நூல்களில் உண்டு. கொடுத்தலைக் குறிக்கும் தமிழ் 'ஈ' என்பதற்கு இணையாக மத்திய இந்தியாவின் கோண்டி மொழியில் 'சீ' என்பதும், நம் 'ஆறு' என்னும் எண்ணுப்பெயருக்கு இணையாக அதே மொழியில் 'சாருங்' என்பதும் வழங்குகின்றன. வடமொழியிலிருந்து மிகப் பழங்காலத்தில் நாம் ஏற்ற சொற்களும் இதே மாறுதலுக்கு உட்பட்டன: சிராவணம் ஆவணி ஆயிற்று; சிரவிஷ்டா அவிட்டம் ஆயிற்று; சகஸ்ரம் கன்னடத்தில் சாவிரமாக நிற்க, நம்மிடம் சகரம் இழந்து ஆயிரமாயிற்று. இவ்வளவு சான்றுகளையும் ஒருசேர நோக்கின், 'இஞ்சி'க்கு முன்னோனாகச் சகர முதலுடைய ஒரு வடிவத்தைக் கொள்வதில் தடையேதும் இல்லை. உள்ளே நிற்கும் சகரமும் ஒருகால் ககரமாக இருந்திருக்க வேண்டும். இகர எகரங்களுக்கு முன் பழைய ககரம் தமிழில் சகரமாகும் இயல்பு, கன்னடத்துக் 'கிவி'க்கு எதிரே நாம் 'செவி' என்றும், அவர்கள் 'கிறு' என்பதற்கு எதிரே நாம் 'சிறு' என்றும் வழங்குவதால் விளங்கும். ஆகவே 'சிங்கி' என்பதும் அதனோடு சேர்ந்த 'வேர்' என்பதும் பழைய தென்னாட்டு வடிவங்கள் என்றால், பாலியின் 'சிங்கிவேர' எழுத்துக்கு எழுத்து விளங்கிவிடுகிறது. பர்ரோவும் கலிபோர்னியாவிலிருந்த எமனோவும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி, தமிழ், மலையாள 'இஞ்சி'யின் கீழ் இந்த வடமொழி, பாலி வடிவங்களை ஒப்பு நோக்குக்காகக் காட்டுகிறது.

வேர் என்பது சரியான வருணனைதானா என்று ஐயுறுவோர் இருக்கலாம். தாவர சாஸ்திரப்படி இஞ்சி நிலத்தடியில் படரும் தண்டே அன்றி வேர் அன்று. ஆயினும் தியஸ்கோரிதஸும் அதை வேர் என்றே சொன்னார். ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் சந்தைக்குப் புறப்பட்ட கிராமத்தான் வாங்கவேண்டிய சாமான்களுள் இஞ்சியை எண்ணும் அளவைச் சொல்லாக வருவதும் லத்தீன் வழிவந்த 'வேர்' என்னும் பொருளுடைய சொல்லே. நிலத்திலிருந்து அகழ்ந்தெடுப்பதை எல்லாம் வேர் என்பது உலக வழக்கு. நம்முடைய 'வேர்' ஆங்கிலத்தில் இருமுறை குடியேறியிருக்கிறது: ஒருமுறை வெட்டிவேரின் பெயரில், பிரெஞ்சு மொழி வழியாக, அண்மைக் காலத்தில், முழு உருவத்தோடு, மற்றொரு முறை ஜிஞ்சரில், இரண்டாயிரம் ஆண்டுப் பிரயாணத்தில் தேய்ந்து, கடைசியில் நிற்கும் ஒரு ரகரமாக.

இப்போது அம்முடிச்சுக்கு வருகிறேன். யவனர் முசிறிக்கு வந்தார்கள். மிளகையும் இஞ்சியையும் ஏற்றிச் சென்றார்கள். அங்கே 'இஞ்சிவேர்' என்று கேட்டதைத் தம் நாட்டில் 'ஜிங்கிபெரிஸ்' என்று சொன்னார்கள் என்று நம்மவர் பலர் எழுதுகிறார்கள். மனத்துக்கு இனிய கதை. ஆனால் ஒலிகள் அதற்கு இடம் தரவில்லை. பட்டினப்பாலை சோழ நாட்டு வளத்தைக் கூறும்போது இஞ்சியையும் மஞ்சளையும் சேம்பையும் சேர்த்துச் சொல்கிறது; அங்கே வழங்குவது சகரம் இழந்த 'இஞ்சி'யே. சங்கப் புலவர் காலத்திலேயே சகரம் கெட்டிருந்ததென்றால், ஏறக்குறைய அதே காலத்தில் முசிறித் துறையில் பண்டம் மாற்றிய கிரேக்கன் காதில் விழுந்ததும் 'இஞ்சி'யாகவே இருந்திருக்கும். இல்லாத மெய்யை அவன் முன்னே சேர்த்துக்கொண்டான் என்று சொல்வதற்கு நியாயமில்லை. செங்கடற்கரையிலுள்ள குசைர் அல்-காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருப்பதால் தமிழர் அத்துறைகளில் நடமாடியது உறுதிதான். ஆயினும் இச்சொல்லைக் கிரேக்கருக்குக் கொடுத்தவர் அவர்களல்லர். சகரமும் ககரமும் சிதையாதிருந்த மிகப் பழைய ஒரு காலத்தில், தென்னாட்டிலிருந்து தரைவழியாக வடக்கே சென்று, மக்கள் பேசிய பிராகிருதத்தில் கலந்து, அங்கிருந்து பாரசீகர், அரமேயர் நாவில் ஏறி, அதன் பின்னரே கிரேக்கத்தை அடைந்தது அது.

இதற்கு ஒப்பான மற்றொரு நிகழ்ச்சி மிளகின் வரலாற்றில் உண்டு. சேர நாட்டு மலைகளில் விளைந்த மிளகை ரோமாபுரியார் வாங்கினார்கள். அதற்கு வைத்திருந்த பெயரோ வடநாட்டுத் திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற சொல்லிலிருந்து வந்தது. பழைய பாதையில் முன்பே சென்றுவிட்ட பெயர், புதிய பாதையில் வந்த சரக்குக்கும் ஒட்டிக்கொள்கிறது. 'அரிசி'யிலிருந்தே கிரேக்க 'ஒருஸா'வும் ஆங்கில 'ரைஸ்' என்பதும் வந்தன என்று பலர் உறுதியாகச் சொல்லி வருவதிலும் இந்த வேறுபாடு மறக்கப்படுகிறது. கிரேக்கச் சொல் ஈரானிய மொழிகளின் வழியே வந்தது என்பதற்குப் பட்டாணியர் மொழியில் இன்றும் வழங்கும் 'வ்ரிஜே' போன்ற வடிவங்கள் சாட்சி. அரிசிக்கும் அந்த ஈரானிய, வடமொழி வடிவங்களுக்கும் ஆதியில் உறவுண்டா என்பது வேறு விசாரணை. ஒலி ஒன்றாயிருப்பதை மட்டும் கொண்டு நேர்வழி போட்டுவிடுவது ஆராய்ச்சியாகாது.

ஒலியை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதை ஜெர்மானியரின் சொல் காட்டும். இஞ்சிக்கு அவர்கள் மொழியில் 'இங்வேர்' என்று பெயர். முதலில் மெய்யில்லை, நடுவில் வகரம் உண்டு, இறுதியில் வேர் அப்படியே நிற்கிறது. ஐரோப்பிய மொழிகள் அனைத்திலும் தமிழுக்கு மிக நெருங்கியது இதுவே என்று ஒருவர் ஆனந்தப்பட்டு, பழந்தமிழர் ஜெர்மனிக்கு நேரே சென்றதாக எழுதிவிடவும் கூடும். ஆனால் மத்தியகால ஜெர்மன் ஏடுகளில் 'கிங்கெபெரே' என்ற முழு வடிவமே லத்தீன் வழி வந்ததாகக் காணப்படுகிறது. முதல் மெய் பிற்காலத்தில் ஜெர்மனியிலேயே தேய்ந்தது. ருஷ்யர் 'இம்பீர்' என்பதும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே. சிங்களத்தில் இஞ்சியை 'இங்குரு' என்கிறார்கள். பாலியின் சிங்கிவேரத்தோடு அதை இணைப்பதே அறிஞர் வழக்கு. அங்கும் சகரம் தானாகவே கெட்டது. தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை, ஜெர்மனியில் ஒருமுறை என மூன்று தேசங்களில், மூன்று காலங்களில், ஒன்றோடொன்று தொடர்பின்றி ஒரே சொல்லின் தலையெழுத்து விழுந்திருக்கிறது. இதைப் படிக்குந்தோறும் எனக்கு உண்டாகும் வியப்பு சொல்லிமாளாது.

இனி, இப்பெயரின் மூலம் தமிழ்நாட்டோடு நின்றுவிடுகிறதா? 1952இல் ஏ. எஸ். சி. ராஸ் என்னும் ஆங்கில மொழிநூலறிஞர் இந்த ஒரே சொல்லுக்காகத் தனி நூலே எழுதினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் நம் எல்லைக்குக் கிழக்கேயும் பார்வையைச் செலுத்தினார்கள். தாய்லாந்தில் இஞ்சிக்குக் 'கிங்' என்று பெயர். அஸ்ஸாமை அடுத்த காசி மலையில் வாழ்வோர் 'சியிங்' என்கிறார்கள். பர்மியரிடத்தும் இவ்வினத்துச் சொல்லே வழங்குகிறது. சீனர் 'ஜியாங்' என்கிறார்கள், கன்பூசியஸ் தம் உணவில் இஞ்சியை விலக்கியதில்லை என்று அவர் சீடர் தொகுத்த நூல் கூறுகிறது. நம் 'சிங்கி'யும் இவற்றோடு ஓர் இனமாகலாம் என்று கருதுவோர் உளர். செடியின் இயல்பும் அக்கருத்துக்கு அனுகூலமாக இருக்கிறது. 1807இல் லிவர்ப்பூல் நகரத்து வில்லியம் ராஸ்கோ 'ஜிஞ்சிபெர் அஃபிஷினாலே' என்று சாஸ்திரப் பெயரிட்ட இச்செடி காட்டில் தானாக வளர்ந்து எங்கும் காணப்பட்டதில்லை. விதை பிடிப்பதும் அரிது. கிழங்கின் துண்டை மனிதன் ஒடித்து எடுத்துச் சென்று நட்டால் ஒழிய ஓரிடம் விட்டு ஓரிடம் பெயராது. ஆகையால் அது சென்ற இடமெல்லாம் ஒரு கை கொண்டுசென்றது. அந்தக் கைக்குரியவர் வாயில் அதற்கு ஒரு பெயரும் இருந்தது. தென்கிழக்காசியாவிலேயே மனிதர் அதை முதலில் பயிரிட்டனர் என்பது தாவர நூலார் பலருடைய துணிபு.

இவ்விடத்தில் நம்மவர் மனம் சுருங்க வேண்டியதில்லை. தமிழே எல்லாவற்றுக்கும் தாய் என்று நிறுவினால்தான் தமிழுக்குப் பெருமை என்று நான் நினைக்கவில்லை. கிழக்கிலிருந்து வந்த ஒரு கிழங்கையும், ஒருவேளை அதன் பெயரையும் ஏற்று, 'வேர்' என்ற தன் சொல்லைப் பின்னே சேர்த்து, வடக்கே அனுப்பிவைத்த மொழி, பெற்றதைவிட ஒரு சொல் கூடுதலாகவே கொடுத்திருக்கிறது. தேட வேண்டிய திசையையும் மொழிகளே காட்டுகின்றன. மலாய்க்காரர் இஞ்சியை 'ஹாலியா' என்பர். பிலிப்பைன் தீவினர் 'லூயா' என்பர். கடலோடிகளான தீவு மக்களின் இப்பெயர்களுக்கும் நம் பெயருக்கும் ஒலியில் சிறிதும் உறவில்லை. எனவே 'சிங்கி'யின் சுற்றத்தைத் தேடுவோர் கப்பல் வழியே தீவுகளுக்குச் செல்வதைவிட, வங்கத்துக்கு அப்பால் காசி மலை, பர்மா, தாய்லாந்து என்று தரை தொடரும் நாடுகளின் மலைச்சாதியார் மொழிகளைத் தொகுத்து ஆராய்வதே பயனுடையது. அம்மொழிகளிற் பலவற்றுக்கு எழுத்தில்லை, ஆகவே அந்த ஆராய்ச்சிக்கு ஏடுகள் உதவா, பேசுவோரிடம் நேரே சென்று கேட்டே எழுதவேண்டும்.